பார்க்கிறதுக்கும் காசு குடுங்கோ

போன கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை. எட்டு மணிக்கு விரிவுரை, ஒன்பதரைக்கு ஒப்படை குடுக்கக் கடைசி நேரம். எங்களில் ஒருவன் தீவுப் பக்கம். ஒவ்வொரு நாளும் பண்ணைத் தாம்போதியால் மோட்டர் சைக்கிளில் கம்பசுக்கு வருகிறவன். அண்டைக்கு அவனுக்குப் பின்னால் எங்களில் இன்னொருவன். விடியப்புறம் தொடங்கின மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. இரண்டு பக்கமும் கடல், நடுவில் றோட்டு, ஒதுங்க ஒரு மரமும் இல்லை. சரியாக அந்த இடம் பார்த்து பைக் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. கிக்கரை உதைத்து உதைத்துக் காலே விறைத்துப் போச்சு. உருட்டிக்கொண்டு ரவுனுக்கு வந்து சேர ஒன்பது மணி.

முதல் அகப்பட்ட கராஜில் விட்டோம். பைக்கைத் தொடாமலே, தூர நின்று பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். “மழைக்கு சிடிஐ அடிச்சிட்டுது தம்பி.” சாமான் கடைக்கு ஆள் போய் வரப் பதினொன்றரை. புது சிடிஐ பூட்டி ஒரு உதை, பைக் ஸ்ராட். 5,500 ரூபா சாமானுக்கு, கூலி வேறு. மகாபொல விழுந்த கிழமை என்றபடியால் சமாளித்தோம். மூன்று நாள் கழித்து மழை, திரும்பப் பண்ணை, திரும்ப அதே இருமல். இரண்டாவது கராஜ். “சிடிஐ இல்லைத் தம்பி, கொயில்.” அதுக்கு 2,800. பூட்ட, அதுவும் உடனே ஸ்ராட். அடுத்த கிழமை பரமேஸ்வராச் சந்தியில் நின்றது. இந்த முறை ஒரு மாற்றத்துக்குக் கடல் இல்லை, வெள்ளம்.

திருநெல்வேலியில் ஒரு ஒழுங்கைக்குள், வீட்டுத் தாழ்வாரத்தில் வேலை செய்கிற ஒரு ஐயா. பைக்கைப் பார்த்துவிட்டு “இருட்டட்டும், பொழுதுபட வாங்கோ” என்றார். இதென்ன சாத்திரமோ என்று எங்களுக்குள் பகிடி பண்ணினோம். பின்னேரம் போனோம். பைக் காய்ந்திருந்தது, ஸ்ராட் ஆனது. நிறுத்தாமல் ஓடவிட்டு, தாழ்வாரத்து லைட்டை நூர்த்தார். உடுப்பு மினுக்கும்போது தண்ணீர் தெளிக்கிற போத்தல் ஒன்றை எடுத்து, பிளக் கப்பில் இரண்டு தரம் அடித்தார். கப்பின் பக்கத்தில், மயிர் மாதிரி ஒரு வெடிப்பிலிருந்து எஞ்சின் செட்டை வரைக்கும் நீலமாக ஒரு நூல் ஓடினது. எஞ்சின் இருமினது. “கண்டனியளே?” அவ்வளவுதான் கேட்டார்.

புதுக் கப் 450 ரூபா. கூலி 200 கேட்டார். எங்களில் ஒருவன் வாய் தவறிக் கேட்டுவிட்டான்: “ஒரு கப் மாத்தினதுக்கு இருநூறோ ஐயா?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. 8,300 ரூபாவைப் பார்க்காமலே சொன்னவர்களுக்கு எண்ணிக் குடுத்துவிட்டு, உண்மையில் பார்த்தவரிடம் 200 ரூபாவுக்குப் பேரம் பேசினவர்கள் நாங்கள். பெயர் சொல்லாமல் ‘ஒருவன்’ என்று எழுதுகிறோம். மற்றவர்கள் அவனை மறுத்துப் பேசவில்லை என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

முதலில் எங்களை நாங்களே ஏமாற்றின விதம். எங்களில் பாதிப் பேர் உயர்தரத்தில் அளவையியல் படித்தவர்கள். மில்லின் முறைகளைப் பாடமாக்கி, ஒற்றுமை முறை, வேற்றுமை முறை என்று உதாரணத்தோடு எழுதிப் புள்ளி எடுத்தவர்கள். ‘இதற்குப் பின் வந்ததால் இதனால் வந்தது’ என்கிற போலி நியாயத்தை இப்போதும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். ஆனால் கராஜ் வாசலில் நின்றபோது அது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒன்பது மணிக்குச் சொட்டச் சொட்ட நனைந்த பைக் ஒன்று, இரண்டரை மணித்தியாலம் கூரைக்குக் கீழ், இன்னும் சூடு ஆறாத எஞ்சினோடு நிற்கிறது. அதற்குள் பிளக் கப் காய்ந்துவிடும். புது சிடிஐ பூட்டினாலும் ஸ்ராட் வரும், பூட்டாமல் விட்டாலும் வரும், பக்கத்தில் ஒரு தேங்காய் உடைத்திருந்தாலும் வரும். மாறினது இரண்டு விசயம்: சாமானும் ஈரமும். நாங்கள் சாமானை மட்டும் எண்ணினோம்.

வேற்றுமை முறையில் செய்திருந்தால் ஐந்து நிமிச வேலை. புதுச் சாமானைப் பூட்டி ஸ்ராட் ஆனவுடன், அதைக் கழற்றிப் பழையதைத் திரும்பப் போட்டு உதைத்துப் பார்க்கவேண்டும். பழையதிலும் ஸ்ராட் ஆனால் பழையதில் குற்றம் இல்லை. அல்லது ஐயா செய்தது போல, காய்ந்த பைக்கைத் திரும்ப ஒவ்வொரு இடமாக நனைத்துப் பார்க்கவேண்டும். மழைப் பழுதைக் காய்ந்த பைக்கில் தேடுகிறவர், இரவில் மட்டும் கடிக்கிற நுளம்பைப் பகலில் தேடுகிறவர்தான்.

தண்ணீர் என்ன செய்கிறது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. ‘தண்ணி பட்டா கரண்ட் பழுது’ என்ற ஒரு வசனத்தோடு வளர்ந்திருக்கிறோம். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை மிகக் குறைவாகத்தான் கடத்தும். கடத்துவது அதில் கரைந்திருக்கிற உப்பும் ஊத்தையும். குடாநாட்டில் எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்தில் கடலோ களப்போ வந்துவிடும். தாம்போதியால் வருகிற பைக்கில் காற்றுப் பட்ட இடமெல்லாம் உப்பு. வெயில் காலத்தில் அது சும்மா தூசாக ஒட்டிக்கொண்டிருக்கும். மாரி மழையின் முதல் தூறல் பட்டவுடன் கரைந்து, மின்சாரத்துக்கு ஒரு குறுக்கு ஒழுங்கை திறந்து குடுக்கும்.

பிளக்குக்குப் போகிற மின்சாரம் பற்றரியில் இருக்கிற 12 வோல்ற் இல்லை. கொயில் அதைப் பத்தாயிரம் வோல்ற்றுக்கு மேல் ஏற்றி அனுப்புகிறது. அவ்வளவு அழுத்தத்தில் நிற்கிற மின்சாரத்துக்குச் சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றைத் தாண்டிப் பிளக் நுனியில் பாய்வது கஷ்டமான வழி. வெடித்த றப்பரின் மேல், உப்புத் தண்ணீர்ப் படலத்தால் வழுக்கிக்கொண்டு எஞ்சின் உடம்பில் இறங்குவது லேசான வழி. அது லேசான வழியில் போய்விடுகிறது. உள்ளே பொறி இல்லை. நீங்கள் உதைக்கிறீர்கள்.

அதனால் மழையில் நின்ற பைக்கில் முதலில் பார்க்கவேண்டிய இடம் பிளக் கப்பும் அதுக்கு வருகிற தடித்த வயரும்தான். கப்பைக் கழற்றி, உள்ளேயும் வெளியேயும் காய்ந்த துணியால் துடைத்து, பிளக்கின் வெள்ளைப் பீங்கானையும் துடைத்துப் பூட்டுங்கள். துணி இல்லாவிட்டால் ரீசேட்டின் உட்பக்கம் போதும். முன் சில்லு அடிக்கிற தண்ணீர் நேரே அங்கேதான் வந்து விழுகிறது. முன் மட்காட்டின் கீழ்த் துண்டை வடிவுக்காகக் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து தேடி எடுத்துப் பூட்டுங்கள். அதை வடிவமைத்தவன் உங்களை விடக் கலைஞன் இல்லாமல் இருக்கலாம், ஆனால் மழையைப் பற்றி யோசித்திருக்கிறான். பல கப்கள் வயருக்குள் திருகித்தான் நிற்கும். கப்பைத் திருகிக் கழற்றி, வயரின் நுனியில் பச்சை பூத்த துண்டை ஒரு சின்ன விரல் நகமளவு வெட்டிவிட்டுத் திரும்பத் திருகினால், சில நேரம் கப் மாற்றுகிற செலவும் மிச்சம்.

துடைத்தும் வராவிட்டால் பொறி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிளக்கைக் கழற்றி, கப்பைப் பூட்டி, பிளக்கின் இரும்பை எஞ்சின் உடம்பில் முட்டவைத்து, கப்பின் றப்பரில் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக உதைக்கவேண்டும். பக்கத்தில் பெற்றோல் சிந்தியிருந்தால் செய்யவேண்டாம். நீலப் பொறி வந்தால் மின்சாரத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். ராங்கின் மூடியைச் சுற்றித் தேங்குகிற மழைத்தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டை அடைபட்டிருக்கலாம், தண்ணீர் பெற்றோலுக்குள் இறங்கியிருக்கலாம். பெற்றோலை விடத் தண்ணீர் பாரம் கூட, அது அடியில் போய்க் கார்பிரேற்றருக்குள் முதலில் வரும். கார்பிரேற்றரின் கீழ் திருகாணியைத் திறந்து ஒரு மூடியளவு வடியவிட்டால் தெரிந்துவிடும். இதுவும் ‘மழைக்கு கரண்ட் அடிச்சிட்டுது’ என்ற கணக்கில்தான் வழக்கமாக எழுதப்படுகிறது.

பொறி இல்லை என்றாலும் உடனே சிடிஐக்கு ஓடத் தேவையில்லை. பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் பொறிக்கான மின்சாரம் மக்னட்டிலிருந்து நேரே வருகிறது. பற்றரியைக் கழற்றி வைத்தாலும் கிக்கரில் ஸ்ராட் ஆகும். அப்படியான பைக்குக்கு ‘மழைக்கு நிக்குது, பற்றரி மாத்துங்கோ’ என்று சொன்னவர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த வகையில் திறப்பைப் பூட்டும்போது எஞ்சின் நிற்பது ஒரு வயர் பொடியோடு முட்டுவதால்தான். ஹொண்டா வழி வந்த வண்டிகளில் அது பெரும்பாலும் கறுப்பில் வெள்ளைக்கோடு. திறப்புச் சுவிச்சுக்குள் உப்புத் தண்ணீர் போனால், நீங்கள் திறப்பைத் திறந்து வைத்திருந்தாலும் சுவிச் உள்ளே ‘பூட்டு’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். சிடிஐக்குப் பக்கத்தில் அந்த ஒரு வயரை மட்டும் கழற்றிவிட்டு உதைத்துப் பாருங்கள். பொறி வந்தால் குற்றவாளி சுவிச். கழற்றினபடியே ஓடவேண்டாம், திறப்பால் எஞ்சினை நிற்பாட்ட முடியாது. புதிய வண்டிகளில் கதை வேறு, அவற்றுக்குப் பற்றரி தேவை. சிலவற்றில் பக்க ஸ்ராண்டிலும் கிளச்சிலும் இருக்கிற சின்னச் சுவிச்சுகள் சேற்றில் இறுகினால் முழு வண்டியும் செத்தது போலக் கிடக்கும். ஸ்ராண்டை நாலு தரம் மேலும் கீழும் ஆட்டித் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலே எழும்பின வண்டிகள் உண்டு.

வயர்கள் ஒன்றோடொன்று கொழுவுகிற சொக்கற்றுகள்தான் அடுத்த இடம். சீற்றைக் கழற்றுங்கள், ஹெட்லைட் கோப்பையைத் திறந்து பாருங்கள். உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். இழுத்துக் கழற்றி, துடைத்து, டபிள்யூடி-40 கொஞ்சம் அடித்து, காயவிட்டு, சிலிக்கன் கிறீஸ் ஒரு பொட்டு வைத்துக் கொழுவினால் அடுத்த மாரிக்கும் பயமில்லை. டபிள்யூடி என்ற எழுத்துகளே தண்ணீரை விலக்குவது என்ற இங்கிலீசுச் சொற்களின் சுருக்கம்தான். நாற்பது, நாற்பதாவது முயற்சியில் சரிவந்ததால். எங்கட வீடுகளில் அதை யன்னல் பிணைச்சலுக்கு மட்டும் அடிக்கிறார்கள்.

எங்கட பொடியளின் கைவேலையையும் இதில் சொல்லத்தான் வேண்டும். கோயில் திருவிழா மாதிரி லைட் போடுகிறோம். இரட்டை ஹோர்ண். சில்லுக்குக் கீழ் நீல வெளிச்சம். எல்லாம் நல்ல வயரின் தோலை பல்லால் உரித்து, முறுக்கி, மேலே கறுப்பு ரேப் சுற்றின இணைப்புகள். மழைத்தண்ணீர் ரேப்புக்குள் போனால் வெளியே வராது. செம்புக் கம்பிகளுக்கு நடுவால் திரி மாதிரி ஊறி, நல்ல வயருக்குள்ளும் ஏறும். பிறகு பியூஸ் அடிக்கும். பியூஸ் அடித்தால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கிறார்கள். பியூஸ் எரிவது வயர்த்தொகுதி எரியாமல் இருப்பதற்கு. வெள்ளித்தாள் எரியாது, ஆகவே வயர் எரியும். சேர்விஸ் ஸ்ரேசனில் தண்ணீர்த் துவக்கை ஹெட்லைட்டுக்குப் பின்னாலும் சுவிச்சுகளுக்குள்ளும் நேராகப் பிடிக்க விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று போன் பார்க்கிறவர்களும் நாங்கள்தான். மழை கூட அந்த வேகத்தில் அடிப்பதில்லை.

இனி விசயத்துக்கு வருவோம். இவ்வளவும் மெக்கானிக்மாருக்குத் தெரியாதா? அநேகருக்குத் தெரியும். பிறகு ஏன் தூர நின்று ‘சிடிஐ’ என்கிறார்கள்? களவு என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. எங்கட முதல் கோபமும் அப்படித்தான் இருந்தது. பிறகு ஐயாவின் தாழ்வாரத்தில் அடிக்கடி போய் இருந்து பார்த்தோம். ஒரு மழைப் பழுதைத் தேட, சீற், ராங், லைட் எல்லாம் கழற்றி ஒவ்வொரு சொக்கற்றாகப் பார்க்க ஒன்றரை மணித்தியாலம் போகும். கடைசியில் அகப்படுவது பச்சை பூத்த ஒரு பின். துடைத்துக் கொழுவினால் சரி. அதுக்கு ஆயிரம் ரூபா கேட்டால் வண்டிக்காரர் என்ன சொல்லுவார்? “ஒரு சாமானும் மாத்தேல்லை, துடைச்சதுக்கு ஆயிரமோ?” அதே ஆள், பெட்டியிலிருந்து புதுச் சாமான் ஒன்றை எடுத்துப் பூட்டினால், சாமானுக்கு 5,500உம் கூலிக்கு ஆயிரமும் முறைக்காமல் குடுப்பார். கண்ணால் கண்ட பொருளுக்குத்தான் எங்களுக்குக் காசு குடுக்கத் தெரியும். தேடின நேரத்துக்கும் தேடத் தெரிந்த அறிவுக்கும் நாங்கள் ஒரு விலையும் வைக்கவில்லை. அப்படியான சந்தையில் பார்க்கிற மெக்கானிக் பட்டினி, மாற்றுகிற மெக்கானிக் கடை பெருப்பிப்பார். இதை உண்டாக்கினது வாடிக்கைக்காரர்.

கலைப்பீடத்துக்காரர் நாங்கள் இதை முதலில் விளங்கியிருக்கவேண்டும். ‘நாலு வருசம் படிச்சு என்னத்தை உண்டாக்கிறியள்?’ என்று எங்களைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. கையில் தூக்கிக் காட்ட ஒரு சாமான் இல்லாத வேலையை வேலை என்று எண்ணாத சமூகம் பற்றி எத்தனை விரிவுரை, எத்தனை கட்டுரை, இந்தத் தளத்திலேயே எத்தனை புலம்பல். அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐயாவிடம் கேட்டோம், ‘ஒரு கப் மாத்தினதுக்கு இருநூறோ’ என்று.

கராஜ்காரருக்காகப் பரிந்து பேசுவதோடு முடித்துக்கொள்ளவும் மாட்டோம். எங்கட பற்ச்சில் ஒருத்தி ஸ்கூட்டரில் வருகிறவள். மழைக்குள் சிக்னலும் ஹோர்ணும் சேர்ந்து செத்துப்போனது. கராஜில் அவள் சொல்லத் தொடங்க, “வீட்டில அண்ணா, அப்பா ஆரும் இருந்தா கதைக்கச் சொல்லுங்கோ தங்கச்சி” என்றார்கள். அவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்: ஹோர்ண் அடிக்கும்போது லைட் மங்குகிறது, ஆகவே ஏர்த் வயர் துருப்பிடித்திருக்கலாம். சிரித்தார்கள். பற்றரி மாற்றவேண்டும் என்றார்கள். அவள் மாற்றவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், பொடியோடு ஏர்த் பூட்டியிருக்கிற போல்ற்றைக் கழற்றி, உப்புக் கடதாசியால் தேய்த்து, வஸ்லின் பூசிப் பூட்டினாள். இப்போதும் அதே பற்றரிதான். பெண்கள் பைக்கின் பழுதைப் பற்றிப் பேசவே கூடாது என்று நினைக்கிற இடத்தில், அவர்களிடம் வாங்கப்படுகிற ‘அறியாமை வரி’ ஆண்களிடம் வாங்குவதை விடக் கூட. இதை எங்கட ஆண் நண்பர்கள் சிலர் நம்ப மறுக்கிறார்கள். அவர்களிடம் ஒரு ரெஸ்ரர் மீற்றரைக் குடுத்துப் பற்றரியில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் நிற்கும்போது 12.6 அளவு, ஓடவிட்டு முறுக்கினால் பதின்மூன்றரைக்கும் பதினாலரைக்கும் நடுவில் நிற்கவேண்டும் என்று எத்தனை பேர் சொல்லுகிறார்கள் என்று பார்ப்போம். நாங்களும் ஐயா சொல்லித்தான் அறிந்தோம்.

‘எல்லாரும் மெக்கானிக் ஆகேலுமோ? ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில்’ என்று ஒரு தம்பி எங்களோடு வாதாடினான். ஆகத் தேவையில்லை. சோறு காய்ச்சத் தெரிந்தவர் எல்லாரும் கடை போடுவதில்லையே. துடைத்துப் பார்க்க, பொறி பார்க்க, ஒரு வயரைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்தால் போதும். அதற்குப் பிறகு கராஜுக்குப் போகும்போது ‘நிக்குது’ என்று சொல்லாமல், ‘மழைக்குள்ள மட்டும் நிக்குது, காஞ்சா வருது, பொறி இல்லை, கப் துடைச்சும் பாத்தம்’ என்று சொல்லலாம். இப்படிச் சொல்லுகிறவரிடம் சும்மா சிடிஐ விற்பது கஷ்டம். நேர்மையான மெக்கானிக்குக்கோ அரை மணித்தியாலம் மிச்சம்.

எங்கட அப்பா அம்மாவின் தலைமுறைக்கு இதெல்லாம் ஒரு விசயமே இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் மோட்டர் சைக்கிள் ஓட்டினவர்கள். ஸ்ராட் பண்ண மட்டும் சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். மின்சாரம் இல்லாத வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள். அந்தக் காலத்தைப் புகழவில்லை. பெற்றோல் கிடைக்காததால் கற்றுக்கொண்டார்கள், அந்த இல்லாமைக்குள் செத்தவர்களும் உண்டு. எங்களுக்குக் கோபம் வருவது வேறு விசயத்தில். ஒவ்வொரு வீட்டிலும் கை பழகியிருந்த அந்த அறிவு, எங்கட கைக்கு வராமல் எங்கே நின்றது? ‘நீ படி, இதுகளைத் தொடாதே’ என்று சொன்னது அவர்கள்தான். திறப்பையும் காசையும் நீட்டிவிட்டுப் போன் பார்க்கப் பழகினது நாங்கள்.

காலமும் எங்களுக்குச் சாதகமாக இல்லை. 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிற்பாட்டினது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்க 2025 ஆகிவிட்டது. நடுவில் 2022இல் பெற்றோல் வரிசை, கியூஆர் அட்டை. அந்த ஐந்து வருசமும் இருந்த பைக்குகளேதான் ஓடின. பைக்கோடு சேர்ந்து வயரின் தோலும் கப்பின் றப்பரும் சொக்கற்றின் பிளாஸ்ரிக்கும் கிழண்டின. இப்போது புது வண்டி வருகிறது, ஆனால் கம்பஸ் வாசலில் நிற்கிற வண்டிகளைப் போய்ப் பாருங்கள். எங்களோடு பாலர் வகுப்புக்குப் போயிருக்கக்கூடிய வயது அவற்றுக்கு. இவற்றின் மழைப் பழுதுகளில் பெரும்பகுதி வெடித்த றப்பரும் பச்சை பூத்த செம்பும்தான். அவற்றுக்கு மருந்து துணியும் பொறுமையும்.

2024 நவம்பர் வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சையையே இடையில் நிற்பாட்ட வேண்டி வந்தது. அந்த நாட்களில் முற்றத்தில் நின்றபடியே எத்தனையோ வண்டிகள் தண்ணீருக்குள் தாண்டன. அப்படித் தாண்ட வண்டிக்கு மேலே சொன்ன ஒன்றும் செய்யவேண்டாம், முக்கியமாகச் செல்ஃபை அமத்தவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை நசுக்க முடியாது, உள்ளே இருக்கிற கம்பிதான் வளையும். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரைக் கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். எஞ்சின் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் மாற்றிவிட்டுத்தான் மிச்சம். இந்த வேலைக்குக் கராஜ் போவதில் வெட்கமில்லை.

போனால், முதலிலேயே பேசுங்கள். ‘ஐயா, பழுதை எனக்குக் காட்டுங்கோ. தேடுற நேரத்துக்குக் காசு தாறம். சாமான் மாத்தினா பழைய சாமானைத் தாங்கோ.’ மூன்று வசனம். சில கராஜ்களில் முகம் சுழிப்பார்கள். அங்கேயிருந்து உருட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கள். சில இடத்தில், நாங்கள் கண்டது போல, தலையை நிமிர்த்திப் பார்ப்பார்கள். இத்தனை வருசத்தில் தேடுற நேரத்துக்குக் காசு தருகிறோம் என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தரமாக இருந்திருக்கும்.

நாங்கள் ஐயாவிடம் அடுத்த நாள் போய் 500 குடுத்தோம். முந்நூறைத் திருப்பித் தந்துவிட்டார். “கேட்டது இருநூறு” என்றார். கொஞ்சம் கோபம் இருந்ததென்று நினைக்கிறோம். பிறகு தேத்தண்ணி வந்தது.

கப் மாற்றின பிறகு பழைய கொயிலைத் திரும்பப் பூட்டி, கொட்டுகிற மழைக்குள் பண்ணையால் இரண்டு தரம் போய் வந்தோம். ஒரு இருமலும் இல்லை. பழைய சிடிஐ எங்களிடம் இல்லை, முதல் கராஜில் கேட்டு வாங்கத் தெரியவில்லை. இந்நேரம் அது ‘பாவிச்ச சாமான், நல்ல கண்டிசன்’ என்று யாருடைய பைக்கிலோ ஓடிக்கொண்டிருக்கும். 2,800 ரூபாக் கொயில் இப்போது எங்கட அறையில் பெட்டியோடு கிடக்கிறது. கடையில் கொண்டுபோய்க் குடுத்தோம், கரண்ட் சாமான் திருப்பி எடுக்கமாட்டார்களாம். 100 சிசி வண்டிக்காரர் யாருக்கும் தேவையென்றால் பாதி விலைக்குத் தருவோம். வாங்க வர முதல், இருட்டினாப் பிறகு உங்கட பிளக் கப்பில ஒருக்கால் தண்ணி தெளிச்சுப் பாத்திட்டு வாங்கோ.